போர் விட்டுச்சென்ற ஃபோர்க்லிஃப்ட்



சில திங்களுக்கு முன் என் நண்பர் ஒருவர், பழைய இயந்திரங்கள் விற்கும் இடம் ஒன்றுக்குத் தம்முடன் வருமாறு என்னை அழைத்தார். அவர் தானிய வணிகர். அவருடைய கிடங்கில் எட்டுப் பேர் நாள்தோறும் மூட்டை சுமக்கின்றனர். வணிகம் பெருகவே, பாரத்தைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்றை வாங்க அவர் விரும்பினார். புதியது வாங்கப் பொருள் போதாமையால் பழையது பார்க்க முனைந்தார். இயந்திரம் அறிந்த மெக்கானிக் ஒருவரையும் உடன் அழைத்து வந்திருந்தார். வரலாறு படிப்பவனாகிய எனக்கு அங்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால், அன்று அந்த மெக்கானிக் செய்த சோதனை, வரலாற்று மாணவன் ஒருவன் ஆவணத்தைச் சோதிக்கும் முறைக்குச் சிறிதும் குறைந்ததன்று.

வண்டி பளபளவென்று புது வர்ணம் பூசப்பட்டு நின்றது. மெக்கானிக் அந்த வர்ணத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை ஒருமுறை பார்த்தார். உடனே குனிந்து, காலால் மிதிக்கும் பெடலின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். மீட்டர் சொற்ப மணி நேரத்தையே காட்டியது; ரப்பரோ தேய்ந்து வழவழத்திருந்தது. "மீட்டரை மாற்றிவிடலாம், ஐயா, பெடலை யாரும் நினைப்பதில்லை" என்றார் அவர். அடுத்து, பாரத்தைத் தாங்கும் இரு இரும்புக் கரங்களின் முழங்கைப் பகுதியை, அதாவது அவை வளைந்து மேலேறும் இடத்தை, அளவுகருவியால் அளந்தார். 40 மில்லிமீட்டர் கனம் இருக்கவேண்டிய இடத்தில் 36 மில்லிமீட்டரே இருந்தது. "கரம் மாற்றவேண்டும்" என்றார்.

பத்தில் ஒரு பங்குதானே தேய்ந்தது, அதற்காகவா மாற்றவேண்டும் என்று நண்பர் கேட்டார். அதற்கு விடை பள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. வளைவைத் தாங்கும் வலிமை இரும்பின் கனத்தைப் பொறுத்தது மட்டுமன்று. கனத்தின் இருமடியைப் பொறுத்தது. ஒன்றுக்கு 0.9 என்று கனம் குறைந்தால், வலிமை 0.81 ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கு தேய்மானம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலிமையைக் கொண்டுபோய்விடுகிறது. தூக்கும் சங்கிலியையும் அவர் இவ்வாறே அளந்தார். 100 சென்டிமீட்டர் நீளமுள்ள சங்கிலி 103 சென்டிமீட்டராக நீண்டுவிட்டால் அதைக் கழித்துவிடவேண்டும் என்பது தொழில் விதி.

எல்லாம் பார்த்து முடித்தபின் அவர் என் நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, உங்கள் கிடங்கில் பேலட் எத்தனை இருக்கிறது?" பேலட் என்பது, அடியில் இரும்புக் கரங்கள் நுழைவதற்கு இடைவெளி விட்டுப் பலகைகளை அடித்துச் செய்த மரத்தட்டு. நண்பர் திகைத்தார். அவரிடம் ஒன்றுகூட இல்லை. "பேலட் இல்லாமல் இந்த வண்டியை வாங்குவது, ஏர் வாங்காமல் மாடு வாங்குவதுபோல" என்று சொல்லிச் சிரித்தார் மெக்கானிக்.

அந்தக் கேள்விதான் இன்று நான் சொல்லப்போகும் வரலாற்றை எனக்கு நினைவூட்டியது. பழைய ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளை ஒரு தனி மனிதரன்று, ஒரு நாடே ஏற்றுக்கொண்ட வரலாறு அது. அதே சமயம், அதே கடலில் இன்னொரு தீவின் ஆட்சியாளர் வாங்க மறுத்த வரலாறும் அதனோடு சேர்ந்தது.

முதலில் இந்த வண்டி எவ்வாறு பிறந்தது என்று பார்ப்போம். மனிதன் பாரத்தைச் சுமக்கத் தொடங்கிய நாள் முதல், அவன் முதுகும் தோளுமே அவனுக்கு இயந்திரமாய் இருந்தன. சக்கரம் வந்தது, பாரம் பக்கவாட்டில் நகர்ந்தது. ஆனால் தரையிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து அடுக்குக்கும் அதனை உயர்த்துவதற்கு மீண்டும் முதுகுதான் தேவைப்பட்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியா ரெயில்வே 1906-ஆம் ஆண்டில், அல்டூனா நகரத்து நிலையத்தில் பயணிகளின் சுமைகளைக் கொண்டுசெல்ல மின்கல விசையால் ஓடும் தட்டு வண்டிகளைப் பயன்படுத்தியது. அவை நகர்த்தின, தூக்கவில்லை.

1917-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்துப் புக்கானன் என்னும் ஊரில், வண்டி அச்சுகள் செய்துவந்த கிளார்க் கம்பெனியார், தம் தொழிற்சாலைக்குள் பொருள்களை இடம் மாற்றுவதற்கென்று ஒரு சிறிய மோட்டார் வண்டி செய்துகொண்டனர். விற்பனைக்காக அன்று, தம் சொந்தத் தேவைக்காக. தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர்கள், "எங்களுக்கும் இதுபோல் ஒன்று செய்து தாருங்கள்" என்று கேட்கவே, அது விற்பனைப் பொருளாயிற்று. முதல் உலகப் போரில் ஆட்கள் போர்முனைக்குச் சென்றுவிட்ட காலம் அது. இங்கிலாந்திலும் ஆள் பற்றாக்குறையே இத்தகைய வண்டிகளைச் செய்யத் தூண்டிற்று. பிறகு 1923-ஆம் ஆண்டில், பூட்டுத் தொழிலில் பெயர்பெற்ற யேல் கம்பெனியார், இரு கரங்களால் பாரத்தைத் தரையிலிருந்து எடுத்து, நிமிர்ந்த கம்பத்தின் வழியே உயர்த்தும் மின்கல வண்டி ஒன்றைச் செய்தனர். இன்றைய ஃபோர்க்லிஃப்டின் முதல் உருவம் என்று பலரும் கொள்வது இதனையே.

இவ்வண்டி இயங்கும் தத்துவம் நமக்குப் புதியதன்று. நம் சந்தைகளில் வழங்கிய வெள்ளிக்கோலை நினைத்துப் பாருங்கள். கோலின் ஒரு முனையில் பண்டம் தொங்கும். பிடிக்கு இப்புறமும் அப்புறமும் பாரமும் தொலைவும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஃபோர்க்லிஃப்டிலும் முன்சக்கரமே பிடி. முன்னே கரங்களில் பாரம். பின்னே வண்டியின் உடலோடு சேர்ந்த கனத்த எதிர்ப்பாரம். மின்கலத்தால் ஓடும் வண்டிகளில் அந்தக் கனத்த மின்கலமே எதிர்ப்பாரத்தின் ஒரு பகுதி. செலவைக் குறைக்க எண்ணி, இலேசான மின்கலம் ஒன்றை மாற்றி வைப்பவர், தம்மை அறியாமலே வண்டியின் தூக்கும் திறனைக் குறைத்துவிடுகிறார். பாரத்தைக் கரங்களின் நுனியில் வைப்பவரும் அதே தவற்றைச் செய்கிறார். பிடியிலிருந்து தொலைவு கூடக் கூடப் பாரம் தன் எடைக்கு மேல் எடை காட்டும். ஆகவேதான் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தகடு பதித்து, இத்தனை தொலைவில் இத்தனை எடை என்று எழுதி வைக்கின்றனர். அந்தத் தகடு உரிந்துபோன பழைய வண்டி, தன் திறனைச் சொல்ல வாயில்லாத வண்டி.

வண்டி பிறந்துவிட்டது, ஆயினும், அதன் பயன் உடனே விளங்கிவிடவில்லை. தனித்தனிப் பெட்டிகளையும் மூட்டைகளையும் இரு இரும்புக் கரங்கள் எவ்வாறு எடுக்கும்? அதற்குத் துணையாக வந்ததே பேலட். தட்டின்மேல் பெட்டிகளை ஒருமுறை அடுக்கிவிட்டால், பிறகு அந்த அடுக்கு முழுவதும் ஒரே பொருளாகிவிடும். போகுமிடமெல்லாம் தட்டோடு போகும். 1931-ஆம் ஆண்டில் அமெரிக்க ரெயில்வேத் தொழில் இதழ் ஒன்றில் ஒரு கணக்கு வெளியாயிற்று. 13,000 பெட்டிகளில் அடைத்த டப்பா உணவுப் பொருள்களை ரெயில் பெட்டியிலிருந்து கையால் இறக்குவதற்கு மூன்று நாள்கள் ஆயின. தட்டுகளின்மேல் அடுக்கி அனுப்பியபோது அதே வேலை நான்கு மணி நேரத்தில் முடிந்தது. இக்கணக்கு தெரிந்த பின்னும் வணிக உலகம் மெல்லவே அசைந்தது. அனுப்புகிறவனிடம் தட்டு இருந்து, பெறுகிறவனிடம் வண்டி இல்லையென்றால் என்ன பயன்? எல்லோரும் ஒரே சமயத்தில் மாறினால்தான் ஒருவருக்குக்கூட ஆதாயம். அவ்வாறு எல்லோரையும் ஒரே சமயத்தில் மாறுமாறு ஆணையிடக்கூடிய அதிகாரம் அமைதிக் காலத்தில் எவரிடமும் இல்லை.

போர்க்காலத்தில் அந்த அதிகாரம் இராணுவத்திடம் இருந்தது. 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கிற்று. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தின்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த மாதமே தளபதி மக்கார்தர் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தார். அப்போது ஆஸ்திரேலியாவின் மக்கள் தொகை ஏறத்தாழ எழுபது இலட்சம். போர் முடிவதற்குள் அந்நாட்டின் வழியே வந்துபோன அமெரிக்கப் படையினர் பத்து இலட்சத்தை நெருங்குவர் என்பர். அத்தனை பேருக்கும் உணவு, உடை, வெடிமருந்து, மருந்து ஆகிய அனைத்தும் பசிபிக் கடலின் அகலத்தைக் கடந்து வரவேண்டும். வந்தவை துறைமுகத்தில் தேங்காமல் இறங்கவேண்டும். கப்பல் ஒன்று பொருளை இறக்கக் காத்து நிற்கும் நாளெல்லாம் போருக்கு இழந்த நாள். எனவே பெருந்தொகையான ஃபோர்க்லிஃப்ட்களையும், அவற்றுக்கேற்ற தட்டுகளையும், கிரேன்களையும் அமெரிக்கர் கொண்டுவந்து குவித்தனர். தரைப்படையும் கடற்படையும் தட்டின் அளவை ஒழுங்குபடுத்தின. ஆஸ்திரேலிய அரசும் இராணுவப் பண்டங்களைத் திறம்படக் கையாள்வதற்கென்று நேச நாடுகள் சேர்ந்த நிலைக்குழு ஒன்றை அமைத்தது. போரின் தேவை, இரண்டு பத்தாண்டுகளாக வணிகர்கள் தயங்கி நின்ற மாற்றத்தைச் சில ஆண்டுகளில் செய்து முடித்துவிட்டது.

1945-ஆம் ஆண்டில் போர் முடிந்தது. படைகள் வீடு திரும்பவேண்டும். வீரர்களுக்கே கப்பலில் இடம் போதாதபோது, தேய்ந்த வண்டிகளைத் திரும்ப ஏற்றிச் செல்வது யார்? ஏற்றிச்செல்லும் செலவு பல சமயம் வண்டியின் மதிப்பையே மிஞ்சும். அன்றியும், பழைய வண்டிகள் திரளாக வந்து இறங்கினால் புதியவற்றை யார் வாங்குவார் என்ற கவலை அமெரிக்கத் தொழிலதிபர்களுக்கு இருந்தது. ஆகவே கடல் கடந்த இடங்களிலிருந்த உபரிப் பொருள்களை அங்கங்கே விற்றுவிட அமெரிக்க அரசு முனைந்தது. உலகம் அதுவரை கண்டிராத பழம்பொருள் சந்தை ஒன்று பசிபிக் தீவுகளிலும் அதன் கரைகளிலும் திறந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, பிஜித் தீவுகளுக்குப் போகும் வழியில், அக்காலத்தில் நியூ ஹெப்ரிடிஸ் என்று வழங்கிய தீவுக்கூட்டம் ஒன்று உண்டு. 1906-ஆம் ஆண்டு முதல் பிரிட்டனும் பிரான்சும் அதனைக் கூட்டாக ஆண்டன. அங்கு எஸ்பிரிட்டு சாந்தோ என்னும் தீவில் 1942-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கர் அமைத்த தளம், தென்பசிபிக்கின் மிகப் பெரிய தளங்களுள் ஒன்று. போர் முடிந்ததும், அங்கிருந்த ஜீப்புகள், லாரிகள், புல்டோசர்கள், ஃபோர்க்லிஃப்ட்கள் எல்லாவற்றையும் உள்ளூர் ஆட்சியினருக்கு மிக மலிவாகத் தர அமெரிக்கர் முன்வந்தனர். ஒரு டாலர் மதிப்புள்ள பொருளுக்குச் சில சென்ட்கள் தந்தால் போதும் என்றனர். ஆட்சியினர் வாங்கவில்லை. அமெரிக்கர் எப்படியும் போட்டுவிட்டுத்தானே போகவேண்டும், பிறகு சும்மா எடுத்துக்கொள்ளலாமே என்று அவர்கள் எண்ணினர் என்பர்.

அமெரிக்கர் போட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆனால் கரையிலன்று, கடலில். இராணுவப் பொறியாளர்கள் கடலுக்குள் சரியும் ஒரு சாய்தளம் கட்டினர். வண்டிகளை வரிசையாக அதன்மேல் ஓட்டிக் கடலுக்குள் தள்ளினர். ஓடும் நிலையிலிருந்த இயந்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அமிழ்ந்தன. அந்த இடத்துக்கு மில்லியன் டாலர் முனை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அத்தீவுகள் 1980-ஆம் ஆண்டில் வனுவாட்டு என்ற பெயரோடு விடுதலை பெற்றன. இன்று நீருக்குள் மூழ்கிப் பார்க்கும் பயணிகள், பவளம் படர்ந்த சக்கரங்களையும் துருவேறிய இயந்திர உடல்களையும் அங்கே காண்கின்றனர்.

இக்கதையைச் சொல்லும்போது பலரும் வாங்க மறுத்தவரின் பேராசையைச் சுட்டிச் சிரிப்பர். அல்லது கடலில் தள்ளியவரின் செருக்கைக் கண்டிப்பர். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. அந்தத் தளத்தில் உழைத்த தீவு மக்கள் உண்டு. சாலை போடவும், பண்டம் இறக்கவும், நிலம் திருத்தவும் அவ்வண்டிகள் தேவைப்பட்டவர் அவர்களே. பேரம் பேசிய இரு தரப்பிலும் அவர்கள் இல்லை. தங்கள் கண்ணெதிரே வண்டிகள் கடலில் இறங்குவதைப் பார்க்க மட்டுமே அவர்களுக்கு உரிமை இருந்தது.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அங்கும் அமெரிக்கர் விட்டுச்சென்ற ஃபோர்க்லிஃப்ட்களும் கிரேன்களும் தட்டுகளும் இருந்தன. புதியவை அல்ல, போர்க்காலத்தின் அவசரத்தில் இரவும் பகலும் உழைத்துத் தேய்ந்தவை. அவற்றை ஏலத்தில் ஒருவருக்கு ஒன்று, மற்றொருவருக்கு இரண்டு என்று சிதறவிட்டிருந்தால், வண்டி ஒருவரிடமும் தட்டு வேறொருவரிடமும் போய்ச் சேர்ந்திருக்கும். ஆஸ்திரேலிய அரசு அவ்வாறு செய்யவில்லை. அவற்றை ஒரே தொகுதியாக வைத்துக்கொண்டு, வேண்டியவர்க்கு வேண்டிய காலத்தில் பயன்படத் தரும் அமைப்பு ஒன்றை உருவாக்கிற்று. பண்டம் கையாளும் கருவிகளின் காமன்வெல்த் தொகுதி என்று அதற்குப் பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் 'செப்' என்று அழைத்தனர்.

இதிலுள்ள நுட்பத்தை மாணவர்கள் கவனிக்கவேண்டும். ஒரு வணிகர் தம் சொந்தத் தட்டில் பொருளை அடுக்கி வெளியூருக்கு அனுப்பினால், தட்டு திரும்பி வருமா என்ற கவலை அவருக்கு இருக்கும். அக்கவலையால் அவர் மீண்டும் பெட்டி பெட்டியாகவே அனுப்புவார். தட்டுகள் அனைத்தும் ஒரு பொதுத் தொகுதிக்குச் சொந்தமாக இருந்தால், அனுப்புகிறவர் வாடகை தந்து எடுத்துக்கொள்வார். பெறுகிறவர் பொருளை எடுத்துக்கொண்டு வெறுந்தட்டைத் தொகுதியிடம் ஒப்படைத்துவிடுவார். தட்டு யாருடையது என்ற வழக்கே எழாது. போருக்கு முன் வணிகர்களைத் தயங்க வைத்த முடிச்சு இவ்வாறு அவிழ்ந்தது.

1958-ஆம் ஆண்டில் இந்தத் தொகுதியைப் பிராம்பிள்ஸ் என்னும் ஆஸ்திரேலியக் கம்பெனி வாங்கிற்று. நியூகாசில் நகரத்தில் 1875-ஆம் ஆண்டில் வால்டர் பிராம்பிள் என்பவர் நடத்திய இறைச்சிக் கடையில் தோன்றி, பின்னர் வண்டிப் போக்குவரத்தில் வளர்ந்த கம்பெனி அது. அவர்கள் வாங்கியபோது போர்க்காலத்து வண்டிகள் கிழடுதட்டியிருக்கும். ஆயினும், அவ்வண்டிகளோடு சேர்ந்து வந்த முறை கிழடுதட்டவில்லை. நீல வர்ணம் பூசிய செப் தட்டுகளை இன்று அறுபது அளவிலான நாடுகளில் காணலாம்; சுழற்சியிலுள்ள தட்டுகளும் பெட்டிகளும் முப்பது கோடிக்கு மேற்பட்டவை. அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஃபோர்க்லிஃப்ட்கள் எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அவற்றின் துணையாக வந்த பொதுத்தட்டு என்னும் எண்ணமே உலகை வலம் வந்துகொண்டிருக்கிறது.

இதனை ஆஸ்திரேலியரின் தனி மதிநுட்பம் என்று மட்டும் புகழ்வது நேர்மையாகாது. அவர்களுக்கு ரெயில் இருந்தது, பட்டறைகள் இருந்தன, பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் இருந்தனர், எல்லாவற்றுக்கும் மேலாக, போர்க்காலத்திலேயே இவ்வேலையைக் கற்றுவிட்ட ஒரு குழு இருந்தது. தம் மக்கள் தேவைக்குத் தாமே முடிவு செய்யும் அரசும் இருந்தது. சாந்தோ தீவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரே கம்பெனியில் செய்த ஒரே வகை வண்டி, ஒரு கரையில் முதலாகவும் மற்றொரு கரையில் குப்பையாகவும் ஆனதற்குக் காரணம் வண்டியில் இல்லை. அதைப் பெற்றுக்கொள்ளும் இடத்தின் அமைப்பில் இருந்தது.

பழையதை ஏற்பதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒருமுறை வழக்கமாகிவிட்ட அளவைப் பிறகு மாற்றுவது கடினம். ஆஸ்திரேலியாவின் பொதுத்தட்டு பக்கத்துக்கு 1165 மில்லிமீட்டர் உள்ள சதுரம். ஐரோப்பாவிலோ 800-க்கு 1200 மில்லிமீட்டர் உள்ள தட்டு வழங்குகிறது. உலகத் தர அமைப்பு ஆறு அளவுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கப்பலில் செல்லும் இன்றைய இரும்புப் பெட்டகத்தின் உள்ளகலம் ஏறத்தாழ 2350 மில்லிமீட்டர். ஆஸ்திரேலியத் தட்டுகள் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்தால் 2330 மில்லிமீட்டர். மிஞ்சுவது விரற்கடை அளவே. பெட்டி ஒன்று சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தட்டு உள்ளே போகாது. ஆயினும் கிடங்குகளின் அடுக்குகளும் லாரிகளின் தளங்களும் அந்த அளவுக்கே அமைந்துவிட்டபின், அதனைக் கைவிடுவார் யார்?

இதுவரை இயந்திரத்தையும் மரத்தட்டையும் பேசினோம். மனிதனைப் பற்றிப் பேசாமல் இவ்வரலாறு முடியாது. சிட்னி நகரத்துத் துறைமுகக் கரையில் ஒரு சாலை உண்டு. 1930-களின் பெரும் பஞ்சக் காலத்தில், கப்பலுக்குக் கப்பல் நடந்து, "இன்று ஆள் வேண்டுமா?" என்று கேட்டுத் திரிந்த தொழிலாளர்கள் அதற்குப் பசி மைல் என்று பெயரிட்டனர். வலிமையுள்ள தோளைப் பார்த்து ஆள் எடுத்த காலம் அது. வேலை கிடைத்தவன் முதுகு ஒடிய மூட்டை சுமந்தான். கிடைக்காதவன் பசியோடு வீடு திரும்பினான். அந்த முதுகுகளின் சுமையை ஃபோர்க்லிஃப்ட் குறைத்தது என்பது உண்மை. பின்னர், 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அமெரிக்காவில் 58 பெட்டகங்களோடு ஒரு கப்பல் புறப்பட்டது. 1960-களின் இறுதியில் பெட்டகக் கப்பல்கள் ஆஸ்திரேலியக் கரைக்கும் வந்துவிட்டன. துறைமுகங்களுக்கு வேண்டிய ஆட்களின் தொகை மிகச் சுருங்கிற்று. முதுகைக் காத்த இயந்திரங்களே வேலையையும் எடுத்துக்கொண்டன. அக்கேடு எவ்வளவு மென்மையாக வந்தது, எவ்வளவு கடுமையாக வந்தது என்பதைத் தீர்மானித்தது இயந்திரமன்று. தொழிலாளர் சங்கங்களும் முதலாளிகளும் அரசும் செய்துகொண்ட ஏற்பாடுகளே.

மாணவர்களாகிய உங்களுக்கு இவ்வரலாற்றில் இன்னும் நெருங்கிய ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவின் போர் உபரியை வாங்கிய நாடுகள் பலவற்றிடம் டாலர் கிடையாது. தத்தம் நாட்டு நாணயத்தில்தான் விலையைச் செலுத்த முடியும். அந்த நாணயத்தை அமெரிக்கா என்ன செய்வது? ஆர்க்கன்சா மாநிலத்து செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் ஒரு வழி சொன்னார்: மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடுவிட்டு நாடு அனுப்பிப் படிக்கவைக்கலாம் என்றார். 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அது சட்டமாயிற்று. 1949-ஆம் ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவும், 1950-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் நம் இந்தியாவும் அதற்கான ஒப்பந்தம் செய்துகொண்டன. நம் நாட்டுக்காகக் கையெழுத்திட்டவர் ஜவஹர்லால் நேரு. இன்றும் ஃபுல்பிரைட் உதவிச் சம்பளம் பெற்றுக் கடல் கடந்து படிக்கச் செல்வோர் பலர். அந்த உதவியின் வேர், படைகள் விட்டுச்சென்ற பழைய வண்டிகளிலும் தகரக் கொட்டகைகளிலும் இருக்கிறது.

என் நண்பரின் கதையை முடித்துவிடுகிறேன். அவர் அன்று வண்டியை வாங்கவில்லை. ஊர் திரும்பும் வழியில் நான் அவருக்குச் சாந்தோவையும் சிட்னியையும் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நான் மூன்று கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு வாங்கவேண்டும்" என்றார். வண்டி இதுவரை எப்படி உழைத்தது என்பது ஒன்று; அதை மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிட்டார். அது உழைப்பதற்கு வேண்டிய தட்டும் சமதளமான தரையும் என்னிடம் உண்டா என்பது மற்றொன்று. மூன்றாவது கேள்வியை அவர் சற்று நேரம் சொல்லவில்லை. பிறகு, "அந்த எட்டுப் பேரிடம் நான் இன்னும் இதைப் பற்றிப் பேசவில்லை" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவர் அதே வண்டியை, கரங்களைப் புதிதாக மாற்றித் தந்த பிறகு வாங்கினார். அதற்கு முன்பே தச்சரை வைத்து அறுபது தட்டுகள் செய்திருந்தார். கிடங்கின் தரையையும் சீர்ப்படுத்தியிருந்தார். மூட்டை சுமந்த எட்டுப் பேரில் இளைஞர் ஒருவரை ஓட்டுநர் பயிற்சிக்கு அனுப்பினார். மற்றவர்கள் தட்டில் அடுக்கும் வேலையில் இருக்கின்றனர். வணிகம் பெருகும் வரை அவர்களுக்கு வேலை உண்டு என்கிறார் நண்பர். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்டபோது, அவர் உடனே விடை சொல்லவில்லை. அதனை எண்ணிப் பார்க்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.